ப்ராசஸரை மாற்றலாமா? கத்திவாக்கத்து லேப்டாப்புகளை முன்வைத்து

வடசென்னையின் கத்திவாக்கத்தில் கடலுக்கும் ரயில் பாதைக்கும் இடையே நெருக்கி நிற்கும் வீடுகள் பலவற்றில் அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போது அக்கா வாங்கியது, அவள் கல்யாணமாகிப் போனபின் தம்பியின் கைக்கு வந்திருக்கும். அவன் பாலிடெக்னிக்கில் ஆட்டோகேட் போட்டுப் பார்த்திருப்பான். இப்போது அதில் வீட்டில் ஒருவர் டிஎன்பிஎஸ்சி வகுப்பு பார்க்கிறார், அல்லது கன்டெய்னர் யார்டு கணக்கை டேலியில் ஏற்றுகிறார். திறந்தால் விண்டோஸ் வர ஐந்து நிமிடம், பிரௌசர் வர இன்னும் இரண்டு நிமிடம். சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் முதலில் வாயில் வரும் கேள்வி இதுதான்: "அண்ணா, ப்ராசஸர் மாத்திட்டா ஸ்பீடாயிடுமா?"

பணத்தை எண்ணிச் செலவழிக்க வேண்டிய வீடுகளிலிருந்து வரும் கேள்வி இது. கடைக்குக் கடை பதில் மாறுகிறது. ஒருவர் "மாத்தவே முடியாது" என்கிறார், அடுத்தவர் "ஐ7 போட்டுத் தரேன்" என்கிறார். இருவர் சொல்வதும் ஏதோ ஒரு லேப்டாப்புக்குப் பொருந்தும். உங்கள் லேப்டாப்புக்கு எது பொருந்தும் என்பதைக் கண்டுபிடிக்கும் வழியையே இக்கட்டுரை தேடுகிறது.

அரசு லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவால் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கப்பட்டது. வாங்கும் பொறுப்பு எல்காட் நிறுவனத்துடையது. முதல் ஆண்டுகளில் வந்த பெட்டிகளில் இரட்டை மைய ப்ராசஸர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பின்னர் ஆண்டுக்கு ஆண்டு மாடல்கள் மாறின. லெனோவோ பி490, கடைசிச் சுற்றுகளில் லெனோவோ இ41-25 ஆகியவை இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கழற்றக்கூடியவை. ஒரே திட்டத்தின் பெயரில் வந்தாலும் இவற்றின் உள்ளமைப்பு ஒன்றல்ல. பி490 காலத்துப் பெட்டியில் ப்ராசஸர் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு திருகு திருப்பினால் கையோடு வந்துவிடும். இ41-25இல் ஏஎம்டி சிப் போர்டோடு சால்டர் ஆகியிருக்கும். முடிவில் பாதி இங்கேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் சாக்கெட்டைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்றால், உள்ளே யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்று பொருள். அது யார் என்று தெரியாமல் ப்ராசஸரை மாற்றுவது குருட்டுச் செலவு. கண்டுபிடிக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். லேப்டாப் திணறும் அதே வேளையில், வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்தபடியே அதைக் கவனிக்க வேண்டும். சிபியு வரிசை 20, 30 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் வரிசை 100இல் சிவந்து நிற்கிறதா? ப்ராசஸர் சும்மா உட்கார்ந்து ஹார்ட் டிஸ்க்கின் வரவுக்காகக் காத்திருக்கிறது. எந்த ஐ7 வந்தாலும் அதே இடத்தில் அதேபோல் காத்திருக்கும்.

அரசு லேப்டாப்புகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இதுதான் நிலைமை. காரணம் எளிது. அந்தக் காலத்து லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. அதோடு, படிக்கும் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை எடுக்கும்போது நொடிக்கு நூறு வாசிப்பைக்கூட அது எட்டாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதே நொடியில் ஆயிரக்கணக்கில் வாசித்துவிடும். விண்டோஸ் தொடங்குவதும் பிரௌசர் திறப்பதும் இப்படிச் சிதறிய வாசிப்புகள்தாம். அதனால்தான் எஸ்எஸ்டி போட்ட மறுநாள் பழைய பெட்டியே வேறு பெட்டிபோல் தோன்றுகிறது. 2011 லேப்டாப்பிலும் சாட்டா இணைப்பு இருக்கிறது, எஸ்எஸ்டி பொருந்தும்.

டிஸ்க் 100இல் நிற்பதற்கு ரேம் பற்றாக்குறையும் காரணமாகலாம். 2 ஜிபி, 4 ஜிபி ரேமில் இன்றைய பிரௌசரில் நாலு டேப் திறந்தால் ரேம் நிரம்பி, மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் தள்ளும். மெமரி வரிசை 90ஐத் தாண்டியிருந்தால் அடுத்த செலவு ரேமுக்குத்தான். இங்கேயும் கவனம் வேண்டும். இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறை லேப்டாப்புகள் 1.5 வோல்ட் டிடிஆர்3 ரேமை ஏற்கும். நான்காம் தலைமுறைக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும். பழைய சரக்கு வாங்கும்போது ஸ்டிக்கரில் அந்த 'எல்' எழுத்தைப் பார்த்து வாங்குவது நல்லது. ஸ்லாட் இரண்டு இருந்தால் ஒரே பெரிய ரேமைவிடச் சம அளவில் இரண்டு போடுவது மேல். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டிகளில் திரையின் வேகமும் சேர்ந்து கூடும்.

டிஸ்க்கும் ரேமும் சரியாக இருந்து, சிபியு மட்டும் 100இல் நின்றால் ப்ராசஸர் மேல் சந்தேகம் வரலாம். அப்போதும் ஒரு படி பாக்கியிருக்கிறது. அது இந்த ஊரோடு சம்பந்தப்பட்டது.

கத்திவாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பழைய நகராட்சி. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் துறைமுகங்களுக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகளின் ஓயாத வரிசை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் எரித்த நிலக்கரியின் சாம்பலை இந்த வட்டாரம் சுவாசித்தது. அது 2017இல் மூடப்பட்டாலும், வடக்கே அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரி இன்னும் எரிகிறது. கொடியில் காயும் துணியில் படிவதே லேப்டாப்பின் ஃபேன் வழியாகவும் உள்ளே போகிறது. வெப்பத்தை வெளியே தள்ளும் செம்புத் துடுப்புகளின் இடுக்கில் சாம்பலும் லாரிப் புழுதியும் ஈரப்பதத்தோடு சேர்ந்து, கம்பளிபோல் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். கூடவே, சிப்புக்கும் செம்புக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் சிப் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சிப் அதில் பாதிக்கும் கீழே இறங்கி ஊர்ந்துகொண்டிருக்கும். உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதெல்லாம் 'ஸ்லோ' மட்டும்தான்.

எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் சூட்டையும் வேகத்தையும் அருகருகே பார்க்கலாம். வேலை கொடுத்ததும் சூடு 95ஐத் தாண்டி, வேகம் சரிந்தால், வேண்டியது சுத்தம் செய்வதும் புது பேஸ்டும்தான். இந்த வேலை முடியுமுன் ப்ராசஸரைப் பற்றிப் பேசுவதே தவறு என்பது என் உறுதியான எண்ணம். உப்புக் காற்றுப் படும் வீடுகளில் ரேமின் தொடுமுனைகளிலும் பச்சை பூத்திருக்கும். அதையும் அதே நாளில் துடைத்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு சிபியுதான் தடை என்று தெளிவானால், மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். இன்டெல் பெட்டிகளில் சாக்கெட் காலம் என்று ஒன்று இருந்தது. கோர் 2 காலத்து சாக்கெட் பி, முதல் தலைமுறை கோர் ஐ வரிசைக்கு ஜி1, இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு ஜி2, நான்காம் தலைமுறைக்கு ஜி3. அதோடு முடிந்தது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெல்லின் லேப்டாப் சிப் எதுவும் சாக்கெட்டில் வருவதில்லை. எல்லாம் போர்டில் சால்டர். ஏஎம்டியும் எஃப்எஸ்1 சாக்கெட்டோடு ஏறத்தாழ அதே காலத்தில் நிறுத்திக்கொண்டது. லேப்டாப்பை மெலிதாக்க வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும் என்ற இரண்டு நெருக்கடிகள் சேர்ந்து செய்த வேலை இது.

நான்காம் தலைமுறைக்குள்ளும் எல்லாம் சாக்கெட் இல்லை. சிப் பெயரின் வாலைப் பார்க்க வேண்டும். 'யு' என்று முடிந்தால் சால்டர். 'எச்க்யூ' என்றாலும் சால்டர். 'எம்', 'க்யூஎம்', 'எம்க்யூ' என்றால் சாக்கெட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாம் தலைமுறை ஐ5-3210எம் இரண்டு வடிவிலும் வந்திருப்பதால் பெயரை மட்டும் நம்பாமல் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் பத்திரம். சால்டர் சிப்பையும் சூடேற்றிப் பெயர்த்து வேறு சிப்பை ஒட்ட சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். போன சிப்புக்குப் பதில் அதே சிப்பை வைத்துப் போர்டைப் பிழைக்கவைக்க அந்தக் கைத்திறன் பயன்படுகிறது. வேகத்தைக் கூட்டுவதற்காக அந்த அபாயத்தில் இறங்க எந்த நியாயமும் இல்லை.

சாக்கெட் இருந்தாலும் எந்தச் சிப்பும் எந்தப் போர்டிலும் ஓடிவிடாது. பலர் பணத்தை இழக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் காலத்து மலிவு லேப்டாப்புகளுக்கு என்றே இன்டெல் எச்எம்70 என்ற சிப்செட்டை விற்றது. அது செலரான், பென்டியம் சிப்புகளை மட்டும் ஏற்கும். அதே சாக்கெட்டில் ஐ3, ஐ5 அழகாக உட்காரும், விண்டோஸும் திறக்கும், கடைக்காரர் சோதித்துக் காட்டும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். முப்பது நிமிடம் ஆனதும் லேப்டாப் தானாக அணைந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி முப்பது நிமிடம். வன்பொருளில் கோளாறு ஏதுமில்லை. சிப்செட்டின் ஃபர்ம்வேரே போட்ட தடை அது. மலிவுப் பெட்டி வாங்கியவர் பின்னாளில் அதை வளர்த்துக்கொள்ள முடியாதபடி நிறுவனமே பூட்டி அனுப்பியிருக்கிறது. இதை நான் நியாயமான வணிகமாகப் பார்க்கவில்லை. சிபியு-இசட் மென்பொருளில் மெயின்போர்டு பக்கத்தைத் திறந்தால் சிப்செட் பெயர் தெரியும். அங்கே எச்எம்70 என்று இருந்தால் ப்ராசஸர் யோசனையை அத்தோடு விட்டுவிடலாம். மாடல் பெயரை வைத்து முடிவுகட்டக் கூடாது.

எச்எம்76, எச்எம்77 போன்ற சிப்செட் என்றால் கதவு திறந்திருக்கிறது. அப்போதும் பயாஸ் அந்தச் சிப்பை அறிந்திருக்க வேண்டும். உங்கள் மாடல் விற்பனைக்கு வந்த காலத்தில் அதே மாடலில் எந்தெந்தச் சிப்புகள் வந்தன என்று பார்த்து, அந்தப் பட்டியலுக்குள் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. வெப்ப அளவும் முக்கியம். இரட்டை மைய 'எம்' சிப்புகள் 35 வாட். நான்கு மைய ஐ7களில் பல 45 வாட். 35 வாட்டுக்குக் கணக்கிட்டு வைத்த ஃபேனும் 65 வாட் சார்ஜரும் அதைத் தாங்கத் திணறும். கத்திவாக்கத்து மே மாதத்தில், மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், அந்தத் திணறல் இரட்டிப்பாகும். நான்கு மையமே வேண்டும் என்றால் 35 வாட்டில் வந்த ஐ7-3632க்யூஎம் போன்றதைத் தேடுவது புத்திசாலித்தனம்.

என்ன கிடைக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பென்டியம் 2020எம் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும், இரண்டு மையம், இரண்டு த்ரெட். ஐ5-3210எம் தேவைப்படும்போது 3.1 வரை ஏறும், இரண்டு மையம், நான்கு த்ரெட். ஒற்றை வேலையில் வேகம் ஏறத்தாழ முப்பது சதவீதம் கூடுகிறது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது வருவது மடங்குக் கணக்கு. இரண்டையும் செய்யப் பணமிருந்தால் வரிசை எஸ்எஸ்டி, ரேம், பிறகே ப்ராசஸர்.

ப்ராசஸர் மாற்றம் வேகத்தைத் தாண்டி ஒரு வாசலைத் திறக்கும் சந்தர்ப்பமும் உண்டு. பெரும்பாலான கடைகளில் இதைச் சொல்வதில்லை. அந்தக் காலத்து பென்டியம், செலரான் சிப்புகளில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பை இன்டெல் அடைத்துவைத்தது. அதே தலைமுறை ஐ3, ஐ5களில் அது இருக்கிறது. இன்று கணினி அறிவியல் படிக்கும் மாணவர் டென்சர்ஃப்ளோவை வழக்கமான முறையில் நிறுவினாலோ, மாங்கோடிபி 5.0ஐ ஏற்றினாலோ, ஏவிஎக்ஸ் இல்லாத சிப்பில் அவை ஓடவே ஓடாது. மெதுவாகக்கூட ஓடாது. அக்காவின் பழைய பென்டியம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மெஷின் லேர்னிங் பாடத்தில் தவிக்கும் திருவொற்றியூர், எண்ணூர் மாணவருக்கு, சிப்செட் அனுமதித்தால், ஒரு பழைய ஐ5 சிப் உண்மையிலேயே உதவும். கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கும், பெரிய நிரல்களை கம்பைல் செய்பவர்களுக்கும் கூடுதல் மையங்கள் பயன்படும்.

டிஎன்பிஎஸ்சி வகுப்புகளை யூடியூப்பில் பார்ப்பவர்களின் சிக்கல் இன்னொரு வகை. யூடியூப் இன்று அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்களைப் பிரிக்கும் தனி உறுப்பு மூன்றாம் தலைமுறைச் சிப் எதிலும் இல்லை. எச்.264 வடிவத்துக்கு மட்டும் உண்டு. அதனால் வீடியோ ஓடும்போது முழுச் சுமையும் ப்ராசஸர் தலையில் விழுந்து 100ஐத் தொடுகிறது. ஐ5 போட்டாலும் அந்த உறுப்பு வந்துவிடாது. சுமையைத் தாங்கும் தோள் கொஞ்சம் அகலமாகும், அவ்வளவுதான். எச்264ஐஃபை என்ற இலவச பிரௌசர் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, யூடியூப்பை எச்.264இலேயே அனுப்பச் சொல்லி, 480பி அல்லது 720பியில் பார்த்தால் பழைய பென்டியமே சமாளிக்கும். காசு செலவில்லாத தீர்வு இருக்கும் இடத்தில் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்த யோசனைகள் எல்லாவற்றின் மேலும் ஒரு சுவர் விழுந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்கிறது. வழக்கமான லேப்டாப்புகளில் சாக்கெட் நான்காம் தலைமுறையோடு நின்றுவிட்டது. ஆகவே, கையால் ப்ராசஸர் மாற்றக்கூடிய அந்தப் பெட்டிகளில், எந்தச் சிப்பை மாற்றியும் விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வமான எல்லைக்குள் வர முடியாது. "ஐ7 போட்டா விண்டோஸ் 11 ஏறும்" என்று யாராவது சொன்னால், குறுக்கு வழியில் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார் என்று கொள்ளவும்.

லினக்ஸுக்கு இந்தச் சுவர் இல்லை. மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, லுபுண்டு போன்றவை பழைய பெட்டியில் எஸ்எஸ்டியும் 4 ஜிபி ரேமும் இருந்தால் நன்றாகவே ஓடுகின்றன, பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து வருகின்றன. பாஸ் லினக்ஸோடு வந்த பெட்டிகளில் அதை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்ட வீடுகள் ஏராளம். அன்று பள்ளியில் யாராவது அதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் இன்றைய தலைமுறைக்கு இந்தத் திகைப்பு வந்திருக்காது. வேலைக்கு டேலியே வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் லினக்ஸ் சரிப்படாது. அவர்கள் புதிய பெட்டிக்குச் சேமிக்கத் தொடங்க வேண்டியதுதான்.

வாங்குவதென்றால் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் ரிச்சி தெரு. அங்கே கிடைக்கும் பழைய ப்ராசஸர்கள் கழித்துப்போட்ட அலுவலக லேப்டாப்புகளிலிருந்து கழற்றியவை. சிப் எளிதில் கெடும் பொருள் இல்லை என்பதால் பழையது என்று பயப்பட வேண்டாம். ஊசிகள் வளையாமல் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் போதும். உங்கள் லேப்டாப்பிலேயே போட்டு, முப்பது நிமிடத்துக்குக் குறையாமல், முடிந்தால் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள். எச்எம்70 சூழ்ச்சியும் வெப்பச் சிக்கலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். சிப், கூலி, பேஸ்ட், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து, எட்டாம் தலைமுறை சிப் உள்ள பழைய அலுவலக லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினால், நான் அந்தப் பழைய லேப்டாப்பையே வாங்கச் சொல்வேன். அதில் விண்டோஸ் 11 முறையாக ஏறும்.

இந்தத் தேர்வுகளை வீடுகளின் தலையில் மட்டும் சுமத்திவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 2011இல் தொடங்கிய திட்டத்தில் தமிழ்நாடு அரசு ஏறத்தாழ ஐம்பது இலட்சம் லேப்டாப்புகளை வாங்கியது. அது இடையில் நின்றுபோன பின், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ லேப்டாப்போ தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்து, முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. எல்காட் கேட்ட அளவுகளில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருந்தன; பழைய பெட்டிகளின் பெரிய குறை அதில் தீர்ந்தது. ப்ராசஸர் சாக்கெட் திரும்பி வராது, அதைக் கேட்டுப் பயனில்லை. ரேமுக்குத் திறந்த ஸ்லாட், கழற்றக்கூடிய எஸ்எஸ்டி, சாதாரண ஸ்க்ரூவில் திறக்கும் அடித்தட்டு, ஐந்தாண்டுக்கு பேட்டரியும் ஃபேனும் கிடைக்கும் உறுதி ஆகியவற்றைக் கேட்கலாம். இத்தனை இலட்சம் பெட்டி வாங்குபவர் கேட்டால் எந்த நிறுவனமும் மறுக்காது. தனியொரு தாய் கடையில் கேட்டால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

பிரான்ஸ் 2021 முதல் லேப்டாப் விற்கும் இடத்திலேயே அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக 2022இல் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் திறந்தது. கடையில் பெட்டி வாங்குபவர் கண்ணில் படும் மதிப்பெண்ணாக அது இன்னும் இறங்கி வரவில்லை. அதுவரை, கத்திவாக்கத்தில் புது அரசு லேப்டாப் கைக்கு வந்த மாணவர்கள் உத்தரவாதக் காலம் முடிந்ததும் அடித்தட்டைத் திறந்து, ரேம் ஸ்லாட் இருக்கிறதா, எத்தனை என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஆண்டுக்கொரு முறை ஃபேனைச் சுத்தம் செய்யட்டும். இந்த ஊர்க் காற்றுக்கு அதுவே குறைந்தபட்சம்.